புகையைப் பார்க்காத புகைச் சோதனை

2024 தை மாதம் என் வண்டி புகைச் சோதனையில் தோற்றது.

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100, 1994-ஆம் வருடத்தது. ஆர்.சி.யை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கட்டம் வந்திருந்தது. அதற்குப் புகைச் சான்று வேண்டும். பெட்ரோல் பங்க் ஓரத்து வேனில் இருந்தவர் ஒல்லியான குழாயைச் சைலன்சருக்குள் செருகினார். திரையில் எண்கள் ஏறின. கார்பன் மோனாக்சைடு (சி.ஓ.) 6.1 சதவீதம். ஹைட்ரோகார்பன் (எச்.சி.) பத்து லட்சத்தில் 11,400. 2000 மார்ச் 31-க்கு முன் செய்த இரு சக்கர வண்டிகளுக்கு அரசு விட்டிருக்கும் வரம்பு முறையே 4.5, 9,000.

"குழாயக் கொஞ்சம் வெளிய இழுத்து வெச்சா பாஸ் ஆயிருமுங்க" என்றார் அவர், உதவும் குரலில். உண்மைதான். குழாய் ஒரு அடியாவது உள்ளே போனால்தான் எஞ்சினின் மூச்சை மட்டும் உறிஞ்சும். பாதியில் நின்றால் காவிரிக் காற்றும் சேர்ந்து போய் எண்கள் இறங்கிவிடும். வேண்டாம் என்றேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். முப்பது வருடம் ஓடிய எஞ்சின் தன்னைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கிறது, கேட்காமல் போவானேன் என்றிருந்தது.

சீட்டை எடுத்துக்கொண்டு, பள்ளிபாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணாவிடம் போனேன். டூ ஸ்ட்ரோக் தவிர வேறு வண்டியைத் தொட மாட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை டாக்டர் பார்ப்பதுபோல அந்தச் சீட்டைப் பார்த்தார்.

"ரெண்டு சீக்கு தம்பி. அளவுக்கு மேல திங்குது, அது ஒண்ணு. தின்னதச் செரிக்காம துப்புது, அது இன்னொண்ணு."

இந்தக் கட்டுரை அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நான் எழுதும் உரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஆர்எக்ஸ் கிளம்பினால் பின்னால் நீல நிறத்தில் ஒரு மெல்லிய திரை விழும். வண்டி தோற்றதற்கு அதுதான் காரணம் என்று நானும் நினைத்திருந்தேன். அது எரியாத டூ-டி ஆயிலின் பனி. நுண்ணிய எண்ணெய்த் துளிகள். பெட்ரோல் வண்டியைச் சோதிக்கும் இயந்திரம் அந்தத் துளிகளை எண்ணுவதே இல்லை. வடிகட்டியில் தடுத்து வெளியே நிறுத்திவிட்டு, கண்ணுக்குத் தெரியாத இரண்டு வாயுக்களை மட்டும் அளக்கிறது. (வடிகட்டி எண்ணெய் பிடித்து அடைத்துக்கொள்ளும் என்பதால் டூ ஸ்ட்ரோக் வந்து நின்றாலே சோதனைக்காரர்களின் முகம் சுருங்கும்.) ஊரெல்லாம் புகை டெஸ்ட் என்று சொல்லும் சோதனை, பெட்ரோல் வண்டியைப் பொறுத்தவரை புகையைப் பார்ப்பதில்லை. நாமக்கல் லாரி அதே இடத்துக்கு வந்தால் கதை தலைகீழ். டீசலில் வாயுவை விட்டுவிட்டுப் புகையின் கருமையைத்தான் அளப்பார்கள். லாரிக்காரர் ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதிக்க, வரும் கரும்புகையின் ஊடே ஒரு விளக்கொளி பாயும். மறுமுனைக்கு எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்று கணக்கெடுப்பார்கள்.

பெட்ரோல் வண்டிக்கும் ஒளிதான், ஆனால் நம் கண்ணுக்கு எட்டாத ஒளி. 1859-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜான் டிண்டால் என்ற விஞ்ஞானி வெவ்வேறு வாயுக்களை ஒரு நீண்ட குழாயில் அடைத்து, ஒரு பக்கம் வெப்பத்தை வைத்து, மறுபக்கம் எவ்வளவு வெப்பக்கதிர் வந்து சேர்கிறது என்று அளக்கத் தொடங்கினார். காற்றில் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் கதிரை அப்படியே விட்டுவிட்டன. வேறு சில வாயுக்கள் கண்ணாடிபோலத் தெளிவாகத் தெரிந்தும் கதிரை விழுங்கின. காரணம் அணுக்களின் ஆட்டம். கார்பன் மோனாக்சைடில் ஒரு கார்பனும் ஒரு ஆக்சிஜனும் ஸ்பிரிங்கில் கட்டிய இரண்டு குண்டுகள்போல அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த அதிர்வின் தாளத்துக்குப் பொருந்தும் அகச்சிவப்புக் கதிர் வந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் அலைநீளம் சுமார் 4.7 மைக்ரான். கார்பனும் ஹைட்ரஜனும் பிணைந்த எரிபொருள் மூலக்கூறு 3.4 மைக்ரானை ஒட்டி விழுங்கும். ஒவ்வொன்றுக்கும் தன் பசி. சோதனை வேனில் இருக்கும் பெட்டி, டிண்டாலின் குழாயைச் சுருக்கிச் செய்ததுதான். இந்த அலைநீளத்தில் இவ்வளவு காணவில்லை, ஆகவே இந்த வாயு இவ்வளவு இருக்கிறது. திருட்டுப் போனதை வைத்துத் திருடனை எண்ணும் வேலை.

இனி அண்ணா சொன்ன முதல் சீக்கு.

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எடையில் சொன்னால் உறைக்காது. கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. ஆர்எக்ஸின் டேங்க்கை ஒருமுறை நிரப்பினால், அதை எரித்து முடிப்பதற்குள் ஒரு வீட்டுக் கொள்ளளவு காற்றை வண்டி குடித்திருக்கும். இந்தக் காற்று குறைந்தால் கார்பனுக்கு இரண்டு ஆக்சிஜன் கிடைக்காது, ஒன்றுதான் கிடைக்கும். அப்படி அரைகுறையாக எரிந்த கார்பன்தான் கார்பன் மோனாக்சைடு. மூடிய கார் ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டால் ஆளைக் கொல்வது இதுவே.

ஆகவே சி.ஓ. எண் என்பது கலவையின் எண். சாதாரண நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் சரியாகப் பொருந்தினால் சி.ஓ. அரை சதவீதத்தை ஒட்டி நிற்கும். பெட்ரோல் கூடக்கூட ஏறும். 13-க்கு ஒன்று என்ற அளவில் 4 சதவீதத்தை நெருங்கும்; 12-க்கு ஒன்றில் 6-ஐத் தாண்டும். டூ ஸ்ட்ரோக்கில் எரியாமல் தப்பிவரும் காற்று கலந்து இந்த எண்ணைச் சற்றுக் குறைத்துக் காட்டும். அப்படியிருந்தும் என் வண்டி 6.1 காட்டியது என்றால் அது எவ்வளவு தின்றிருக்க வேண்டும்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எஞ்சின் அதிக சக்தி தருவது மிகச் சரியான கலவையில் அல்ல. கொஞ்சம் பெட்ரோல் தூக்கலான கலவையில், அதாவது 12.5-க்கும் 13-க்கும் நடுவே. அங்கே உள்ளே வந்த ஆக்சிஜன் முழுக்கச் செலவாகிறது, மிஞ்சிய பெட்ரோல் ஆவியாகும்போது பிஸ்டனையும் குளிர்விக்கிறது. பழைய வண்டிகளுக்கு விட்ட 4.5 சதவீத வரம்பு கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் விழுகிறது. வேகப் பிரியர்களின் வண்டி நன்றாக ட்யூன் ஆகியிருந்தாலே பாதித் தேர்வில் தேறிவிடும் என்று இதற்கு அர்த்தம். தோற்கிற வண்டி பெரும்பாலும் வேகமான வண்டியாக இருப்பதில்லை, பராமரிப்பு விட்டுப்போன வண்டியாக இருக்கிறது. என்னுடையது அப்படித்தான்.

இரண்டாவது சீக்கு, தின்றதைத் துப்புவது, டூ ஸ்ட்ரோக்கின் பிறவிக் குணம். அதைச் சொல்ல ஆர்எக்ஸ் ஏன் ஆர்எக்ஸ் ஆனது என்று சொல்ல வேண்டும்.

1985 நவம்பரில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து இந்த வண்டியை இந்தியச் சந்தையில் விட்டது. எஞ்சின் 98 சிசி, சக்தி 11 குதிரை, எடை நூறு கிலோவை ஒட்டி. அதே காலத்தில் ஓடிய பிரீமியர் பத்மினி கார் 1,089 சிசியில் 40 குதிரை தந்தது. லிட்டர் கணக்கில் பார்த்தால் பத்மினிக்கு 37, ஆர்எக்ஸுக்கு 112. அன்றைய கார்களிடம் இல்லாத சங்கதி இந்தச் சின்ன எஞ்சினில் இருந்தது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும், டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும்; 7,500 ஆர்பிஎம்மில் நொடிக்கு 125 வெடிப்பு. சிலிண்டர் ஹெட்டில் வால்வு, கேம், டைமிங் செயின் எதுவும் கிடையாது. சிலிண்டர் சுவரில் வெட்டிய வாசல்களைப் பிஸ்டனே ஏறி இறங்கித் திறந்து மூடுகிறது.

சிக்கல் அங்கேதான். எரிந்த வாயு வெளியேறும் வாசலும் புதுக் கலவை நுழையும் வாசல்களும் ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. முன்வாசல் வழியாக விருந்தாளி நுழைய, பின்வாசலும் திறந்து கிடந்தால் சிலர் நிற்காமல் அந்தப் பக்கமாகப் போய்விடுவார்கள் அல்லவா? கார்ப்பரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக்கில் சில நிலைகளில் உள்ளே வந்த பெட்ரோலில் கால் பங்குக்கு மேல்கூட இப்படி எரியாமலே தப்பிவிடும்.

தப்புகிறதைத் திருப்பி உள்ளே தள்ளும் தந்திரத்தைக் கணக்காக்கியவர் கிழக்கு ஜெர்மனியின் வால்டர் காடன். இரண்டாம் உலகப் போரின்போது ஏவுகணை வேலையில் இருந்தவர், போருக்குப் பின் எம்.இஸட். மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் பந்தயப் பிரிவுக்குத் தலைவரானார். சைலன்சர் குழலுக்குள் அழுத்த அலை எப்படிப் போய்வருகிறது என்பதை ஆஸிலோஸ்கோப் வைத்துப் பார்த்தார். வாசல் திறந்ததும் ஒரு அலை ஒலியின் வேகத்தில் குழலில் பாய்கிறது. குழல் விரியும் இடத்தில் அதன் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாகத் திரும்பி, எரிந்ததை இழுத்து வெளியேற்றி, புதுக் கலவையையும் கொஞ்சம் சேர்த்து இழுக்கிறது. குழல் மறுபடி குறுகும் இடத்தில் மோதி, இம்முறை தள்ளும் அலையாகத் திரும்பி வருகிறது; தப்பிக் குழலுக்குள் நின்ற கலவையை, வாசல் மூடுவதற்கு ஒரு கணம் முன்னால், சிலிண்டருக்குள் திணிக்கிறது. இரும்பில் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. தகரத்தின் வடிவமே வால்வு. 1961-இல் காடனின் 125 சிசி எஞ்சின் 25 குதிரை தந்தது, அதாவது லிட்டருக்கு 200. அந்த செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்தின்போது அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர், பெர்லின் சுவர் எழும்பிச் சில வாரங்களே ஆகியிருந்த நேரத்தில், மேற்கே தப்பினார். ரகசியத்தோடு ஜப்பானின் சுசுகிக்குப் போய்ச் சேர்ந்தார். மறுவருடம் 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. யமஹாவுக்கும் எம்.இஸட்.டின் ஊரோடு உறவு பழையது. அதன் முதல் வண்டியான 1955-ஆம் வருட ஒய்ஏ-1, எம்.இஸட். ஆலை இருந்த அதே சோப்பாவ் நகரில் பிறந்த டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125-ஐப் பார்த்துச் செய்தது.

கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம். 7,500 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு ஆயிரத்தில் 8 நொடி. புகை வாசல் ஏறக்குறைய அதில் பாதி நேரம், ஆயிரத்தில் 4 நொடி, திறந்திருக்கும். சூடான புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். ஆக ஆயிரத்தில் 4 நொடியில் 2 மீட்டர். போகவர 2 மீட்டர் என்றால் குழல் சுமார் ஒரு மீட்டர் இருக்க வேண்டும். ஆர்எக்ஸின் சைலன்சரை ஒருமுறை கையால் அளந்து பாருங்கள். தெருவில் ஓடும் வண்டியின் சைலன்சர் பந்தயக் குழல் அளவுக்குக் கூர்மையாக வடித்ததல்ல, ஆனாலும் நீளம் வந்தது இந்தக் கணக்கிலிருந்துதான்.

பள்ளிபாளையத்தில் இதை விளக்குவது எளிது. தறியில் பாவு நூல்கள் வாய் திறந்து மூடும் இடைவெளிக்குள் நாடா குறுக்கே ஓடி முடித்தாக வேண்டும். கொஞ்சம் பிந்தினால் நாடா மாட்டிக்கொள்ளும், பாவு அறும். சைலன்சருக்குள் ஓடும் அலையும் ஒரு நாடா. திறந்த வாசல் மூடுவதற்குள் போய்த் திரும்ப வேண்டும். தறியை இஷ்டத்துக்கு வேகம் மாற்றி ஓட்ட முடியாததுபோல, ஒரு குழலின் நீளம் ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும். ஆர்எக்ஸை முறுக்கும்போது ஓரிடத்தில் யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல இருக்கிறதே, அலை நேரத்துக்கு வந்து சேரும் இடம் அது. சத்தம் வேண்டுமென்று சைலன்சரின் உள்குழாயை உருவி எறியும் பையன்கள் அந்தத் தள்ளலைத்தான் உருவி எறிகிறார்கள். காது வேகம் என்று நம்புகிறது, கடிகாரம் நம்புவதில்லை.

சோதனை நடப்பதோ ஐடிலிங்கில். வண்டி நின்றபடி 1,300 ஆர்பிஎம்மில் துடித்துக்கொண்டிருக்கும். இப்போது ஒரு சுற்றுக்கு ஆயிரத்தில் 46 நொடி. வாசல் ஆயிரத்தில் 23 நொடி திறந்து கிடக்கிறது. அலை பலமுறை போய்வந்து ஓய்ந்துவிடுகிறது. கலவையைத் திருப்பித் தள்ள யாருமில்லை. இன்னொன்று, த்ராட்டில் மூடியிருப்பதால் வரும் புதுக் கலவை சொற்பம், உள்ளே தேங்கியிருப்பது பெரும்பாலும் பழைய புகை. பிளக் பொறி விட்டாலும் பற்றாது. இரண்டு மூன்று சுற்று சேர்ந்த பிறகு ஒருமுறை பற்றும். நின்ற ஆர்எக்ஸ் ஒரே தாளத்தில் துடிக்காமல் "டிங்... டிடிங்... டிங்" என்று தடுமாறும் அழகான சத்தம், உண்மையில் பற்றாமல் போன வெடிப்புகளின் சத்தம். பற்றாமல் போன ஒவ்வொரு முறையும் பெட்ரோல் அப்படியே வெளியே போகிறது. அதனால்தான் சட்டம்கூட, பழைய கார்களுக்கு எச்.சி. 1,500 என்று நிறுத்திய இடத்தில், பழைய இரு சக்கரங்களுக்கு 9,000 வரை விட்டிருக்கிறது. பத்து லட்சத்தில் 9,000, அதாவது புகையில் ஏறக்குறைய ஒரு சதவீதம் எரியாத எரிபொருள்.

ஆர்எக்ஸின் உயர்வெல்லாம் எங்கே இருக்கிறதோ அங்கே சோதனை பார்ப்பதில்லை. அதன் தாழ்வு எங்கே உச்சமோ அங்கே நிறுத்தி வைத்துத்தான் பார்க்கிறது.

அப்படியானால் ஆர்எக்ஸை நிறுத்தியது இந்தச் சோதனையா என்று கேட்டால், இல்லை. 1996-இல் இரு சக்கர வண்டி தயாரிப்பாளர்களுக்குப் புது வரம்பு வந்தது: கிலோமீட்டருக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 கிராம், ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்து 3.6 கிராம். அது ஓட்டிப் பார்த்து எடைபோடும் தேர்வு; நிற்பதும் கிளம்புவதும் வேகமெடுப்பதும் சேர்ந்தது. ஆர்எக்ஸ் 100-இன் தயாரிப்பு அந்த வருடம் நின்றது. 2000-இல் அந்த வரம்பு 2 கிராம், 2 கிராம் என்று இறங்கியது. ஏற்கெனவே விற்ற வண்டிகளுக்கு அந்தப் பெரிய தேர்வு இல்லை, சாலையோரத்துச் சின்னத் தேர்வுதான். சின்னத் தேர்வில் தேறியதால் என் வண்டி சுத்தமானது என்று நான் எங்கும் சொல்ல மாட்டேன். ஓடும்போது அது விடும் எரியாத பெட்ரோல் இன்றைய வண்டிகளைப்போலப் பல மடங்கு. அந்த ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்தால் தரைமட்டத்தில் ஓசோன் உண்டாகும் என்று லாஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டத்தை ஆராய்ந்த ஹாகன்-ஸ்மிட் 1950-களிலேயே காட்டிவிட்டார். வெயிலுக்கு நம் சமவெளியில் பஞ்சமா?

இனி பட்டறை.

அண்ணா ஏர் ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. "எல்லாரும் மொதல்ல அதத்தான் திருகுவாங்க. அது கடைசி வேல தம்பி" என்றார். முதலில் ஏர் ஃபில்டரை எடுத்தார். ஸ்பாஞ்சு கறுத்து, எண்ணெயில் ஊறிக் கிடந்தது. மூக்கை அடைத்துக்கொண்டு சாப்பிடுகிறவனைப்போல வண்டி காற்றில்லாமல் பெட்ரோலை விழுங்கியிருக்கிறது. கார்ப்பரேட்டரைத் திறந்தால் மிதவை ஊசியில் மெல்லிய பள்ளம் விழுந்திருந்தது. மிதவை ஏறி வந்தாலும் ஊசி முழுக்க அடைக்காததால் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் எப்போதும் உயரே. சோக் பிளஞ்சரின் ரப்பர் தேய்ந்து, சோக் மூடியிருந்தும் பாதி திறந்த கணக்கு. அதிகமாகத் தின்றதற்கு மூன்று காரணம், மூன்றும் சில்லறைச் செலவு.

துப்பிய சீக்குக்குத்தான் கை அழுக்கானது. ஆர்எக்ஸில் ஆயில் தனித் தொட்டியில் இருந்து பம்ப் வழியாக வரும். த்ராட்டிலுக்கும் வேகத்துக்கும் தக்கபடி அளந்து ஊற்றும், ஐடிலிங்கில் துளிதான். எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் பம்ப்பை நம்பாமல் கழற்றிவிட்டு, டேங்க்கிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டியிருக்கிறார். பம்ப் நின்றால் எஞ்சின் பிடித்துவிடும் என்ற பயம் ஊரெல்லாம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் டேங்க்கில் கலந்தால் முழு முறுக்கலுக்கும் நின்ற நிலைக்கும் ஒரே விகிதம். நிற்கும்போது தேவைக்குப் பல மடங்கு ஆயில் போய்ப் பிளக்கை நனைக்கிறது; நனைந்த பிளக் பொறியைத் தவறவிடுகிறது; எச்.சி. ஏறுகிறது. பம்ப்பைச் சுத்தம் செய்து, கேபிளை மார்க்குக்கு மார்க் வைத்து, திரும்ப மாட்டினார்.

கிராங்க் ஆயில் சீலைப் பார்த்தார். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையே காற்றுப் பம்ப். இடப்பக்கம் காந்தச் சக்கரத்தருகே இருக்கும் சீல் கசிந்தால் வெளிக்காற்றை உறிஞ்சி ஐடிலிங் ஏறி இறங்கும். வலப்பக்கம் கிளட்ச் பக்கச் சீல் கசிந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளையாகப் புகைக்கும். எனக்கு வலது. இரண்டையும் மாற்றினார், ஒன்றை மட்டும் மாற்றுவது அவர் அகராதியில் இல்லை. ரீட் வால்வின் மெல்லிய இதழ்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கீற்று தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. ஒரிஜினல் இதழ், முப்பது வருடம்.

கடைசியாகச் சைலன்சர். உள்ளே தார்போல ஒட்டிய கரியைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஒரு இரவு ஊறப்போட்டு எடுத்தார்கள். சாயப்பட்டறை ஊரில் காஸ்டிக்குக் குறைவில்லை. (ஊறவைத்த அந்தக் கறுப்புத் தண்ணீர் எங்கே போனது என்று கேட்டேன். நல்ல பதில் கிடைக்கவில்லை. காற்றைக் காப்பாற்ற நீரைக் கெடுப்பது இந்த ஊருக்கே உரிய சங்கடம்.) கரி நீங்கினால் குழலின் உள்வடிவம், அதாவது காடனின் கணக்கு, திரும்பக் கிடைக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஏர் ஸ்க்ரூ. எஞ்சின் சூடேறியிருக்க வேண்டும். முழுக்க இறுக்கி, ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தி, அங்கிருந்து கால் கால் சுற்றாக நகர்த்திக் காதால் கேட்டார். தளர்த்தத் தளர்த்தக் காற்று கூடும், சி.ஓ. இறங்கிக்கொண்டே போகும். எச்.சி. அப்படி ஒரே திசையில் போகாது. அதுவும் முதலில் இறங்கும். ஒரு கட்டத்துக்குப் பின் கலவை மெலிந்து பற்றாமல் போகத் தொடங்கும், எச்.சி. மறுபடி ஏறும். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. எஞ்சின் தானாகவே வேகம் கூடி, தடுமாற்றம் குறைந்து துடிக்கும் புள்ளி அந்தப் பள்ளத்தாக்கின் அடிவாரம். அண்ணாவிடம் அகச்சிவப்புக் கருவி இல்லை. அந்த இடத்தைக் காதால் கண்டுபிடித்தார்.

இங்கிருந்து வேகத்தின் பாதையும் சோதனையின் பாதையும் பிரிகின்றன. சி.ஓ. இன்னும் குறையட்டும் என்று சின்ன மெயின் ஜெட்டைப் போட்டால் சோதனைக்கு ஒன்றும் லாபமில்லை, ஏனென்றால் மெயின் ஜெட் ஐடிலிங்கில் வேலையே செய்வதில்லை. சங்ககிரி சாலையில் முழு முறுக்கலில் போகும்போதுதான் அது வேலை செய்யும். அங்கே கலவை மெலிந்தால் பிஸ்டன் சூடேறி, விரிந்து, சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். சோதனைக்காக மெயின் ஜெட்டை மாற்றுகிறவர், கேட்காத கேள்விக்குப் பதில் எழுதி எஞ்சினைத் தொலைக்கிறார்.

நாம் எதையும் திருகாமலே கலவை மெலிந்துகொண்டிருக்கிறது என்பது இன்னொரு விஷயம். எத்தனாலுக்குத் தேவையான காற்று கிலோவுக்கு 9 கிலோதான். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்தால் தேவை 14.7-இலிருந்து 13.5-ஐ ஒட்டி இறங்குகிறது. பழைய ஜெட் பழைய அளவே ஊற்றும், ஆகவே கலவை சுமார் 8 சதவீதம் மெலிவு. 2025-இல் நாடு இந்த 20 சதவீதத்தை எட்டியது. புதிய வண்டிகளில் கணினி சமாளித்துக்கொள்ளும். கார்ப்பரேட்டருக்குக் கண்ணும் இல்லை மூளையும் இல்லை. கரும்பாலை உள்ள ஊர்க்காரன் கரும்புக்கு எதிராகப் பேசக் கூடாதுதான். ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குவது பற்றித் தன் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கார்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கார்ப்பரேட்டர் காலத்துக் கார் என்றால் சி.ஓ. பற்றி மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். தப்பி ஓடும் கலவை மட்டும் இல்லை, எச்.சி. அதிகமென்றால் பற்றாத பிளக் அல்லது மூடாத வால்வு. பாரத் ஸ்டேஜ் 2, 3 காலத்துக் கார்களுக்கு வரம்பு சி.ஓ. 0.5, எச்.சி. 750. திருகுவதற்கு அதில் ஸ்க்ரூ கிடையாது. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய வினைமாற்றிப் பெட்டி சூடேறி வேலை செய்தால் தேறும், வேகத்துக்காக அதைக் கழற்றி எறிந்திருந்தால் எந்த மெக்கானிக்காலும் தேற வைக்க முடியாது.

மறுபடி சோதனைக்குப் போன அன்று, "வெப்படை வரைக்கும் ஓட்டிட்டு, ஆறாம நேராப் போயிருங்க" என்று அனுப்பினார் அண்ணா. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, சுவரில் படிந்து வெளியேறும். போய்வந்து, எஞ்சினை அணைக்காமல் குழாய்க்கு முன் நிறுத்தினேன். குழாய் முழுக்க உள்ளே போனது. சி.ஓ. 2.9. எச்.சி. 6,300. நீலப் புகை முன்னைவிடக் குறைந்திருந்தது, அதைச் சீட்டில் எழுத இடமில்லை. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அந்தப் பழைய தள்ளல் திரும்பி வந்திருந்தது, அதற்கும் இடமில்லை.

அந்த வருடம் மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சோதனை மையங்கள் ஜிபிஎஸ் உள்ள கைபேசியில் வண்டியைப் படமெடுத்து ஏற்ற வேண்டும் என்றாகிவிட்டது. வண்டி வராமலே சான்று வாங்குவது முன்னைப்போல எளிதில்லை.

என் வண்டியின் வயதுக்குச் சான்று ஆறு மாதம்தான் செல்லும். பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். புதுச் சீட்டு வந்ததும் போன சீட்டோடு வைத்துப் பாருங்கள். சி.ஓ. மட்டும் ஏறியிருந்தால் ஏர் ஃபில்டர், மிதவை, சோக் இவற்றைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எச்.சி. மட்டும் ஏறியிருந்தால் பிளக், ஆயில் பம்ப், சீல். ஏர் ஸ்க்ரூவைக் கடைசியில் தொடுங்கள்.